கீனன் ஆலனை விட்டதும் சரி, திரும்ப எடுத்ததும் சரி: சார்ஜர்ஸ் போட்ட இரண்டு கணக்குகள்

2024 மார்ச்சில், அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். லீக்கில் ஆடும் லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ் அணி, எறியும் பந்தைப் பிடித்து ஓடும் ரிசீவரான கீனன் ஆலனைச் சிகாகோ பேர்ஸுக்குக் கைமாற்றியது. 17 மாதம் கழித்து, 2025 ஆகஸ்டில், அதே ஆளைக் கூப்பிட்டு அதே 13-ஆம் எண் சட்டையைக் கையில் கொடுத்தது. முதலில் விட்டது தப்பு, அதனால்தான் திரும்ப எடுத்தார்கள் என்று சொல்லும் ரசிகர்கள் நிறையப் பேர். கணக்கைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு முடிவுமே சரி. இடையில் ஆலனின் ஆட்டம் கொஞ்சம் மாறியது. விலை தலைகீழாக மாறியது.

முதல் முடிவின்போது மேசையில் இருந்த எண்கள் இவை. 2023 பருவத்தில் ஆலன் 13 ஆட்டங்களில் 108 கேட்ச், 1,243 யார்டு. வயது 32-ஐத் தொடப்போகிறது. 2024-இல் என்.எஃப்.எல். அணி ஒவ்வொன்றுக்கும் சம்பள உச்சவரம்பு, அதாவது கேப், 25.54 கோடி டாலர். அதில் ஆலன் ஒருவர் மட்டும் சுமார் 3.47 கோடியை அடைத்துக்கொண்டிருந்தார். ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. போதாததற்கு மைக் வில்லியம்ஸ், ஜோயி போசா, கலீல் மேக் மூவரும் பெரிய தொகைகளில் உட்கார்ந்திருந்தார்கள். புதிதாக வந்த பொது மேலாளர் ஜோ ஹோர்ட்டிஸ், பயிற்சியாளர் ஜிம் ஹார்பா இருவர் கைக்கும் வந்தது பிதுங்கி வழியும் கணக்குப் புத்தகம்தான்.

வழிகள் நான்கு. இருக்கிற சம்பளத்தில் அப்படியே வைத்துக்கொள்வது முதலாவது. அதைச் செய்தால் மற்ற இடங்களை அடிமட்டச் சம்பளக்காரர்களைக் கொண்டுதான் நிரப்ப முடியும்.

இரண்டாவது வழி, பாரத்தைத் தள்ளிப்போடுவது. ரசிகர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். ஒருவருக்கு இந்த ஆண்டு 1.8 கோடி டாலர் அடிப்படைச் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 1.6 கோடியை சைனிங் போனஸாக (முன்பணமாக) மாற்றி நான்கு ஆண்டுக்குப் பரப்பினால், ஆண்டுக்கு 40 லட்சம்தான் கேப்பில் ஏறும். இந்த ஆண்டு 1.2 கோடி மிச்சம். ஆட்டக்காரருக்கு ஒரு பைசா குறையாது, அவர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவார். ஆனால் அடுத்த ஆண்டு அவர் போய்விட்டால், பரப்பி வைத்த மிச்சம் 1.2 கோடியும் ஒரே மூச்சில் வந்து விழும். ஆளே இல்லாமல் கேப்பைத் தின்னும் இந்தத் தொகைக்குத்தான் டெட் மணி என்று பெயர். ஆலனின் ஒப்பந்தத்தில் மிஞ்சியிருந்தது அந்த ஓராண்டுதான். பரப்ப வேண்டுமானால் அவருடைய 33, 34, 35 வயதுக் கணக்கில், ஏட்டில் மட்டும் இருக்கும் வெறும் ஆண்டுகளைச் சேர்த்திருக்க வேண்டும். இறுதிப் போட்டியான சூப்பர் பவுலுக்கு ஓரடி தொலைவில் இருக்கும் அணி செய்தால் அதில் அர்த்தம் உண்டு. முந்தைய பருவத்தில் 5 வெற்றி, 12 தோல்வி கண்ட அணி செய்தால் அது வட்டிக்கு வாங்கித் திருவிழா நடத்துவது.

மூன்றாவது, சம்பளக் குறைப்பு. போசாவும் மேக்கும் ஒத்துக்கொண்டார்கள். ஆலன் மறுத்தார். 108 கேட்ச் பிடித்த கையோடு குறைத்துக்கொள் என்றால் யாருக்கும் கசக்கும். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. நான்காவது வழிதான் நடந்தது: கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் நான்காம் சுற்றில் 110-ஆவது தேர்வுக்கு ஆலனைக் கொடுத்தார்கள். கேப்பில் சுமார் 2.31 கோடி மிச்சம், 1.16 கோடி டெட் மணி.

இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்கப் போகிறார்கள் என்று அப்போது திட்டு விழுந்தது. பறந்ததைப் பிடித்தே விட்டார்கள். அந்த 110-ஐயும் தங்கள் 37-ஐயும் நியூ இங்கிலாந்து அணிக்குக் கொடுத்து, 34-ஆவதையும் 137-ஆவதையும் வாங்கினார்கள். 34-இல் வந்தவர் ரிசீவர் லாட் மெக்கான்கி: முதல் பருவத்திலேயே 82 கேட்ச், 1,149 யார்டு. 137-இல் வந்த டார்ஹீப் ஸ்டில், ரிசீவர்களை மறிக்கும் கார்னர்பேக், அதே பருவத்தில் நான்கு இன்டர்செப்ஷன் எடுத்தார், அதாவது எதிரணி எறிந்த பந்தை நான்கு முறை பறித்தார். மெக்கான்கியின் நான்காண்டு ஒப்பந்தம் மொத்தமே ஏறத்தாழ 1 கோடி டாலர். ஆலனின் ஓராண்டுக்கு அதைப் போல் மூன்று மடங்குக்கு மேல் கேப்பில் போயிருக்கும்.

சிகாகோவில் ஆலன் 15 ஆட்டங்களில் 70 கேட்ச், 744 யார்டு, 7 டச்டவுன் (எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டி எடுக்கும் புள்ளி). மோசமில்லை, 2.3 கோடிக்கு ஈடில்லை.

அப்படியானால் ஏன் திரும்ப எடுக்க வேண்டும்? அதற்கான காரணம் 2025 ஜனவரியில், ஹூஸ்டனில் நடந்த பிளே-ஆஃப் ஆட்டத்தில் தெரிந்தது. 32-12 தோல்வி. மெக்கான்கி 9 கேட்ச், 197 யார்டு. களத்தின் மறுபக்கம் ஓடிய சக ரிசீவர் குவென்டின் ஜான்ஸ்டன் கைக்கு ஒரு பந்துகூடச் சேரவில்லை. பருவம் முழுக்க மூன்றே இன்டர்செப்ஷன் கொடுத்திருந்த ஜஸ்டின் ஹெர்பர்ட், பந்தை எறியும் குவார்ட்டர்பேக், அன்று ஒரே ஆட்டத்தில் நான்கு கொடுத்தார். நம்பி எறிய இரண்டாவது கை இல்லாத அணிக்கு நடப்பது இதுதான்: எதிரணி ஒருவரை இருவர் போட்டு மறிக்கும், குவார்ட்டர்பேக் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார், அப்புறம் திணிப்பார்.

ஆகவே 2025 கோடையில் தேவை நட்சத்திரம் அல்ல. மூன்றாம் டவுனில், அதாவது 10 யார்டு கடக்கக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில், 5, 6 யார்டு வேண்டும்போது சொன்ன இடத்தில் நிற்கும் ஆள். அணியின் முன் இருந்த வழிகள் மூன்று.

முதல் வழி, இரண்டாம் சுற்றில் 55-ஆவதாக எடுத்த இளம் ரிசீவர் ட்ரே ஹாரிஸை நேராக இறக்கிவிடுவது. செலவு கூடுதலாக எதுவும் இல்லை. ஆனால் கல்லூரியில் இருந்து வரும் ரிசீவர் முதல் ஆண்டில் தடுமாறுவது வேகத்தில் அல்ல, ஆப்ஷன் ரூட்டில், அதாவது காப்பாளரைப் பார்த்து நடுவழியில் திசையை முடிவுசெய்யும் ஓட்டப் பாதையில். வரிசையின் உட்பக்க இடமான ஸ்லாட்டில் இருந்து 6 யார்டு நேராகப் போகிறார். அங்கே காப்பாளர் உள்பக்கம் நின்றால் வெளியே வெட்ட வேண்டும். வெளிப்பக்கம் நின்றால் உள்ளே. ஆளைத் துரத்தாமல் இடத்தைக் காக்கும் ஜோன் காப்பு என்றால் ஓட்டத்தை நிறுத்தி, இடைவெளியில் குவார்ட்டர்பேக்கைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். முடிவெடுக்க அரை நொடிகூடக் கிடையாது. இதே படிப்பை ஹெர்பர்ட்டும் அதே கணத்தில் படிக்கிறார். ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்து கையை விட்டுப் போயிருக்கும். இருவரும் ஒன்றையே படித்தால் 7 யார்டு. ஆளுக்கொன்று படித்தால் பந்து நேரே எதிரணிக் கையில். தொலைக்காட்சியில் அது 'கேவலமான எறிதல்' மாதிரி தெரியும், தப்பு பெரும்பாலும் ஓடியவர் மேல்தான். ஆலனும் ஹெர்பர்ட்டும் 2020 முதல் 2023 வரை நான்கு பருவம் இதைச் சேர்ந்து செய்தவர்கள். அந்தப் பழக்கத்தை ஒரு பயிற்சி முகாமில் வாங்க முடியாது.

இரண்டாவது, அணியின் இன்னொரு பழைய கையான மைக் வில்லியம்ஸ். அவரை மார்ச்சிலேயே திரும்ப எடுத்திருந்தார்கள். ஜூலையில் ஓய்வு அறிவித்துவிட்டார். அந்த வழி தானாக அடைபட்டது.

மூன்றாவது ஆலன். ஓராண்டு, சுமார் 30.2 லட்சம் டாலர்; எல்லா இலக்கையும் எட்டினால் 85.2 லட்சம். கேப் அந்த ஆண்டு 27.92 கோடிக்கு ஏறியிருந்தது. ஏழில் ஒரு பங்கு எடுத்துக்கொண்ட ஆள், இப்போது நூற்றில் ஒரு பங்கு.

ஆகஸ்டு வரை காத்திருந்ததிலும் லாபம் இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்து போன ஆட்களுக்கு ஈடாக லீக் கொடுக்கும் கூடுதல் டிராஃப்ட் தேர்வுகளில், வந்தவர்கள் எண்ணிக்கை கழிக்கப்படும். டிராஃப்ட் முடிந்த அடுத்த திங்கட்கிழமைக்குப் பிறகு எடுத்தால் அந்தக் கழித்தல் இல்லை. 33 வயதுக் கால்களுக்கு முகாமின் முதல் வாரங்களை மிச்சப்படுத்தியதும் நல்லதே. ஆபத்தும் அதிலேயே இருக்கிறது: தனியாக ஓடிப் பழகியவர் திடீரென்று முழு வேகத்தில் வெட்டித் திரும்பினால் முதல் இரண்டு வாரத்தில் தொடைப் பின்தசை பிடிக்கும். ஆலன் 2022-இல் அந்தத் தசையால் ஏழு ஆட்டம் இழந்தவர்.

பலன் என்ன? சாவ் பாலோவில் கான்சஸ் சிட்டியை 27-21 என்று வென்ற முதல் ஆட்டத்தில் 7 கேட்ச், 68 யார்டு, ஒரு டச்டவுன். மூன்றாவது வாரம் டென்வருக்கு எதிராக ஆட்டத்தைச் சமன் செய்த டச்டவுன். பருவ முடிவில் 81 கேட்ச், 777 யார்டு. இடையில் அன்டோனியோ கேட்ஸ் வைத்திருந்த 955 கேட்ச் என்ற அணிச் சாதனையையும் தாண்டினார். 30 லட்சத்துக்கு இது கொள்ளை லாபம்.

ஆனால் எண்களை ஒரு வரிசையில் வைத்துப் பாருங்கள். ஒரு கேட்ச்சுக்கு எத்தனை யார்டு: 2023-இல் 11.5, 2024-இல் 10.6, 2025-இல் 9.6. ஆண்டுக்கு ஒரு யார்டு என்று தேய்கிறது. கேட்ச் எண்ணிக்கை இதைக் காட்டாது, ஏனென்றால் கையும் மூளையும் கடைசியில்தான் போகும். முதலில் போவது காலின் வெடிப்பு: பந்து பிடித்த பின் ஓடும் தூரம் குறையும், 15 யார்டுக்கு மேல் ஆழமான ரூட்டுகள் அட்டவணையிலிருந்து காணாமல் போகும், வெளி ஓரத்தில் கார்னர்பேக் நெஞ்சோடு நெஞ்சு மறித்தால் கழன்று வர முடியாது. அதனால் வயதான ரிசீவரை ஸ்லாட்டுக்கு, அதாவது உள்ளே, நகர்த்துவார்கள். அங்கே இரண்டு பக்கமும் வெட்ட இடம் இருக்கிறது, மறிப்பும் இளக்கம்.

அங்கேதான் ஒப்பந்தத்தில் எழுதப்படாத செலவு. மெக்கான்கி முதல் பருவத்தில் கொடிகட்டிப் பறந்ததும் ஸ்லாட்டில்தான். இருவருக்கும் வாசஸ்தலம் ஒன்றே. ஆலன் உள்ளே நின்றால் மெக்கான்கி வெளியே போக வேண்டும். 2025-இல் மெக்கான்கி 800 யார்டைக்கூடத் தொடவில்லை. முழுப் பழியையும் ஆலன் மேல் போட முடியாது: குவார்ட்டர்பேக்கைக் காக்கும் இடது டேக்கிள் ரஷான் ஸ்லேட்டர் ஆகஸ்டிலேயே முழங்கால் தசைநார் அறுந்து வெளியேறினார், இன்னொரு டேக்கிள் ஜோ ஆல்ட்டும் கணுக்காலில் அடிபட்டார், ஆழமாக எறிய ஹெர்பர்ட்டுக்கு நேரமே இல்லை. அந்த நிலையில் இரண்டு நொடியில் திறந்து நிற்கும் ஆலன் வரப்பிரசாதம். இருந்தாலும் அவருக்குப் போன ஒவ்வொரு பந்தும் ஹாரிஸுக்குப் பழகக் கிடைக்காத பந்து. இந்தச் செலவு அடுத்த பருவத்தில்தான் தெரியும்.

மற்ற அணிகள் இதே கேள்விக்குச் சொன்ன பதிலோடு வைத்துப் பார்க்கலாம். தம்பா பே, 2024 மார்ச்சில் 30 வயது மைக் எவன்ஸுக்கு இரண்டு ஆண்டு, 5.2 கோடி கொடுத்தது, அதில் 3.5 கோடி உறுதி. அவர் ஸ்லாட் ஆள் அல்ல, வெளி ஓரத்தில் உயரத்தையும் உடம்பையும் வைத்துப் பிடிப்பவர். முந்தைய பருவத்தில் 13 டச்டவுன். பத்துப் பருவம் ஆடி முடித்தவர் வேறு அணிக்குப் போனால் ஈடாக வரும் தேர்வு ஐந்தாம் சுற்றுக்கு மேல் போகாது என்பது விதி. விட்டாலும் பெரிதாக எதுவும் கிடைக்காது. முதல் ஆண்டு 1,004 யார்டு, 11 டச்டவுன்: கடைசி ஆட்டத்தின் கடைசிப் பந்தில் ஆயிரத்தைத் தாண்டி, தொடர்ந்து 11 பருவம் என்ற ஜெர்ரி ரைஸின் சாதனையைச் சமன் செய்தார். இரண்டாம் ஆண்டு முதலில் தொடைத் தசை, பிறகு காரை எலும்பு முறிவு, வரிசை அறுந்தது. முப்பதைக் கடந்தவரின் ஒப்பந்தத்தில் அணி வாங்குவது முதல் ஆண்டை. இரண்டாம் ஆண்டு அதோடு ஒட்டிக்கொண்டு வரும் சீட்டு.

லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் 2025-இல் வேறு மாதிரி செய்தது. 31 வயது கூப்பர் கப்பை விட்டுவிட்டு, அவரைவிட மூத்த 32 வயது டவான்டே ஆடம்ஸை இரண்டு ஆண்டு, 4.4 கோடிக்கு எடுத்தது. பார்க்க விநோதம்தான். ஆனால் கப் ஆடும் உள்ளிடத்தில் புக்கா நக்குவா ஏற்கெனவே வளர்ந்துவிட்டார். ராம்ஸுக்கு வேண்டியிருந்தது கோல் கோட்டருகே தனியாளாக வெல்லும் வெளி ரிசீவர். சார்ஜர்ஸ் எடுத்த ஆள் மெக்கான்கி மேலேயே போய் விழுந்தார். ராம்ஸ் எடுத்தவர் நக்குவா பக்கத்தில் போய் நின்றார். இடப் பொருத்தத்தில் ராம்ஸ் செய்ததே மேல், விலையில் சார்ஜர்ஸ்.

இன்னொரு பருவத்துக்கு இப்படி ஒருவரை எடுப்பதானால் எழுதும் முறை முக்கியம். நான்கு பருவமாவது ஆடியவர் முதல் வார அணிப் பட்டியலில் இருந்தால், அந்த ஆண்டு அடிப்படைச் சம்பளம் கிட்டத்தட்ட உறுதியாகிவிடும்; ஆகவே அதைக் குறைவாக வைத்து, மிச்சத்தை ஆடும் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பிரிக்க வேண்டும். இலக்குப் பணத்தை முந்தைய பருவம் எட்டியதற்கு ஒரு கேட்ச் மேலே வைக்க வேண்டும்: 2024-இல் 70 பிடித்தவருக்கு 71 என்று எழுதினால் அந்தத் தொகை இந்த ஆண்டுக் கேப்பில் ஏறாது, எட்டினால் அடுத்த ஆண்டில் ஏறும். 70 என்று எழுதினால் இன்றே ஏறிவிடும். முதல் மூன்று ரிசீவரில் ஒருவராக இல்லாவிட்டால் எடுக்கவே வேண்டாம். ஆட்ட நாளில் களமிறங்கத் தகுதி 53 பேரில் 48 பேருக்குத்தான். நான்காவது, ஐந்தாவது ரிசீவர் கிக்-ஆஃபில் ஓடிப்போய் ஆளைத் தள்ள வேண்டும். அந்த வேலைக்கு 34 வயதுக்காரரை யாரும் அனுப்ப மாட்டார்கள்.