ஃபிளாக்கா, யாம்லா? டெஸ்ட் லேப் ஆப்ஷன்களை எங்கே எழுதுவது

ஃபயர்பேஸ் டெஸ்ட் லேப், ஆப்பைப் பல போன்களில் ஓட்டிச் சோதிக்கும் கூகுள் சேவை. அதில் ஆண்ட்ராய்டு டெஸ்ட்டுகளை சிஐ வழியாக, அதாவது கோடு மாறும்போது தானாக, ஓட்ட, கூகுள் கிளவுடின் கமாண்ட் லைன் கருவியான ஜிகிளவுட்டில் ஒரு கட்டளை போதும். அதன் ஆப்ஷன்களைக் கட்டளையிலேயே ஃபிளாக்காக (-- என்று தொடங்கும் வடிவில்) அடுக்கலாம். இல்லையென்றால் யாம்ல் (அமைப்புகளை எழுதும் எளிய உரை வடிவம்) கோப்பில் குரூப் குரூப்பாக எழுதிவைத்து, கோப்பின் பெயரையும் குரூப்பின் பெயரையும் மட்டும் கொடுக்கலாம். நாங்கள் யாம்லுக்கு மாறிவிட்டோம், என் ஓட்டும் அதற்கே.

ஆரம்பிக்க ஃபிளாக் சுலபம். ஆப் ஏபிகே (ஆண்ட்ராய்டு ஆப்பின் இன்ஸ்டால் கோப்பு), டெஸ்ட் ஏபிகே, ஒரு டிவைஸ், அவ்வளவுதான். சிஐயில் ஒரே ஒரு ஜாப் வைத்திருப்பவருக்குத் தனிக் கோப்பு வீண் வேலை.

ஜாப் பெருகும்போதுதான் வம்பு. புல் ரிக்வெஸ்ட்டுக்கு (கோடு மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) ஒன்று, ராத்திரி ஓடும் ரெக்ரஷனுக்கு (பழையது ஏதும் உடைந்ததா என்ற சோதனை) ஒன்று, ரிலீஸுக்கு ஒன்று என்று பிரியும். மூன்றிலும் அதே டிவைஸ் வரிகள் நகலாகி உட்கார்ந்திருக்கும். டெஸ்ட் லேபோ பழைய மாடல்களை அவ்வப்போது கழித்துக் கட்டும். அப்போது ஒவ்வொரு ஸ்கிரிப்டாகத் தேடித் திருத்த வேண்டும். ரிலீஸ் ஜாப் எப்போதாவதுதான் ஓடும் என்பதால் அதில் விட்டுப்போனது ரிலீஸ் அன்றைக்குத்தான் தெரியவரும். யாம்லில் டிவைஸ் பட்டியலை ஒரு குரூப்பாக எழுதி, மற்ற குரூப்புகளில் 'இன்க்ளூட்' போட்டுவிட்டால் திருத்தம் ஒரே இடத்தில் முடிந்தது; ரிவ்யூ செய்பவருக்கும் மாற்றத்தைக் காட்டும் டிஃப்பில் ஒரு வரிதான். சரி, அவசரத்துக்கு டைம்அவுட்டை மட்டும் மாற்ற வேண்டுமென்றால்? கட்டளையில் கொடுக்கும் ஃபிளாக் கோப்பில் உள்ளதை மிஞ்சும்.

கமா தொல்லையும் குறைகிறது. என்விரான்மென்ட் வேரியபிளின் (டெஸ்ட்டுக்குக் கொடுக்கும் பெயர்-மதிப்பு ஜோடி) மதிப்புக்குள் கமா வந்தால், ஃபிளாக்கில் அது அடுத்த ஜோடியின் தொடக்கமாகிவிடும். தப்பிக்க ஃபிளாக்கின் முழு மதிப்பின் தலையில் ^:^ என்று போட்டு, பிரிப்புக் குறியை கமாவிலிருந்து முக்காற்புள்ளிக்கு மாற்ற வேண்டும். ஆறு மாதம் கழித்து அந்த வரியைப் படிப்பவர் பாவம். யாம்லுக்கும் குறை உண்டு: இன்டென்ட் (வரியின் தொடக்க இடைவெளி) ஒரு ஸ்பேஸ் தவறினால் கோப்பே செல்லாமல் போகலாம்.

எந்த வழியில் எழுதினாலும் பர்ஸைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாடல், ஓஎஸ் பதிப்பு, மொழி, ஓரியன்டேஷன் என்று தனித்தனி ஆப்ஷனாகக் கொடுத்தால் எல்லாம் பெருக்கிக்கொள்ளும். 3 மாடல், 2 பதிப்பு, 2 மொழி, 2 ஓரியன்டேஷன் என்றால் 24 ஓட்டம் வரை போகும். பயன்படுத்தும் அளவுக்குக் கட்டணம் வாங்கும் பிளேஸ் திட்டத்தில் தினசரி இலவச நிமிடங்கள் தீர்ந்தபின் நிஜ போனுக்கு மணிக்கு 5 டாலர், விர்ச்சுவலுக்கு 1 டாலர். டிவைஸ் ஆப்ஷனில் வேண்டிய கூட்டணிகளை மட்டும் ஒவ்வொன்றாக எழுதுவதே நல்லது.

ஃபிளாங்க் என்ற ஓப்பன் சோர்ஸ் கருவியும் இருக்கிறது. முந்தைய ஓட்ட நேரங்களைப் பார்த்து டெஸ்ட்டுகளை ஷார்டுகளாக (ஒரே நேரத்தில் ஓடும் துண்டுகள்) பங்கிடும். ஒரு சின்ன ப்ராஜெக்ட்டில்தான் அதைத் தொட்டிருக்கிறேன். பெரிய டெஸ்ட் தொகுப்பில் எப்படி என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் கோப்பிலும் ஜிகிளவுட் பகுதிக்குள் பெரும்பாலும் இதே ஆப்ஷன்கள்தான், அதனால் யாம்லில் எழுதியது வீண் போகாது.

இரண்டை மட்டும் இன்னும் ஃபிளாக்காகவே வைத்திருக்கிறோம்: ஏபிகே பாதை, ரிசல்ட் டைரக்டரி. பில்டுக்கு பில்டு மாறுபவை கோப்பில் இருந்தால் தினமும் ஒரு கமிட் போட வேண்டியதுதான்.