ஈ.சி.ஆரில் கடலோர ஃபிளாட் எடுக்கப் போகிறீர்களா? அட்வான்ஸ் அனுப்பும் முன் படியுங்கள்

ஈ.சி.ஆர். (சென்னையிலிருந்து தெற்கே போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் குடும்பத்தோடு தங்க யாராவது ஃபிளாட் தேடிக்கொண்டிருந்தால், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். வயதானவர்கள், சின்னப் பிள்ளைகள் என்று இரண்டு கார் நிறைய ஆட்களோடு சேலத்திலிருந்து போய், பணத்தையும் நிம்மதியையும் இழந்து வந்திருக்கிறோம்.

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் ஒரு அடுக்குமாடி வளாகம். விளம்பரப் படத்தில் பால்கனிக்கு நேரே கடல், கீழே நீச்சல் குளம். "பிரைவேட் பீச்" என்று வேறு போட்டிருந்தார்கள். இரண்டு பெட்ரூம், இரவுக்கு 9,000 ரூபாய், திருப்பித் தரும் டெபாசிட் 10,000. பேசியவர் தன்னை ஓனர் என்றுதான் சொன்னார். "அம்மாவுக்கு முட்டி வலின்னா என்னக்கா, லிஃப்ட் இருக்கு, கவலைப்படாம வாங்க" என்று அவ்வளவு பவ்யம். முழுத் தொகையையும் முன்கூட்டியே யு.பி.ஐ.யில் வாங்கிக்கொண்டார்.

போய் இறங்கினால், கேர்டேக்கர் பையன் எங்களைச் சாலைப் பக்கம் இருக்கும் பின் பிளாக்கின் தரைத்தளத்துக்குக் கூட்டிப் போனான். பால்கனிக் கதவைத் திறந்தால் எதிரே ஜெனரேட்டர். போன் போட்டுக் கேட்டதற்கு, முன் பிளாக் வீட்டில் ஏசி ரிப்பேர் என்றார். சரி, வாடகையையாவது குறையுங்கள் என்றால், "சீசன்க்கா, எல்லாம் ஒரே ரேட்தான்."

தலையணை உறைகளில் முன்பு தங்கியவர்களின் எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது. குழாயில் வந்த தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை, அதில் போட்ட காப்பி கரித்தது. கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பாக இருப்பது சகஜம். அதனால்தான் வாடகைக்கு விடுகிறவர்கள் லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றுவார்கள். இவர் அதைச் செய்யவில்லை. குடிக்கிற கேனுக்கும் தனிக் காசு.

சாயங்காலம் பிள்ளைகள் வாளியும் கையுமாகக் கிளம்பினார்கள். கடல் பக்கத்துக் கேட் பூட்டியிருந்தது. காவலாளி, "நாள் வாடகைக்கு வர்றவங்களுக்குத் திறக்கக் கூடாதுன்னு அசோசியேஷன் ரூல்மா, நீச்சல் குளமும் கிடையாது" என்றார். அவர் மேல் தப்பில்லை. இந்த விதி ரொம்ப நாளாகவே இருக்கிறதாம்.

சாலையைச் சுற்றி, குப்பம் வழியாக நடந்து கடலுக்குப் போனோம். அங்கே வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, பிள்ளைகளை இறக்கவே கூடாது, அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கல் அடியில் இருக்கிறது, நீரோட்டமும் இழுக்கும் என்று எச்சரித்தார். வாடகை வாங்கியவர் சொல்லியிருக்க வேண்டியதை அந்த அம்மா சொன்னார்.

டெபாசிட் கதை இதைவிட மோசம். கிளம்பும்போது, பார்த்துவிட்டு அனுப்புகிறேன் என்றார். இரண்டு நாள் கழித்து சோபாவில் கறை, டீப் கிளீனிங், கதவில் கீறல் என்று ஒரு பட்டியல் வந்தது. மொத்தப் பத்தாயிரமும் அதிலேயே போய்விட்டது. வீட்டுக்குள் நுழைந்த உடனே தம்பி மகள் எடுத்த வீடியோ எங்களிடம் இருந்தது. பைகளைக்கூட இன்னும் இறக்கவில்லை, ஆனால் சோபாவின் இடது ஓரத்தில் அதே கறை தெளிவாகத் தெரிகிறது. அதை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, அப்புறம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

அசோசியேஷன் அலுவலகத்தில் விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த ஆள் ஓனரே இல்லை. மாத வாடகைக்கு எடுத்து, உண்மையான ஓனருக்குத் தெரியாமல் நாள் வாடகைக்கு விட்டுக்கொண்டிருக்கிறார். முன் பிளாக்கில் அவருக்கு வீடே கிடையாது. ஏசி ரிப்பேர் என்றதும் பொய்தான்.

அதனால், பணம் அனுப்பும் முன் வீடியோ காலில் வரச் சொல்லுங்கள். பால்கனியிலிருந்து பேசியபடியே இறங்கி மணல் வரை நடக்கட்டும். வழியில் கேட் பூட்டியிருந்தால் தெரிந்துவிடும். ஓனர் என்றால் அந்த வீட்டு ஈ.பி. பில்லைக் கேளுங்கள், பில்லில் இருக்கும் பெயரும் பணம் போகிற கணக்கின் பெயரும் வேறாக இருந்தால் விட்டுவிடுங்கள். வளாகத்துக் காவலாளியிடமோ அசோசியேஷனிடமோ ஒரு வார்த்தை கேட்பது எல்லாவற்றையும் விட நல்லது. "பிரைவேட் பீச்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், கடற்கரை பொது இடம்.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அது சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், அவ்வளவு தூரம் அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எங்களுக்காவது ஒரு வீடு என்று இருந்தது. சிலருக்கு அப்படி ஒரு வீடே இருக்காது, வெறும் படத்தைக் காட்டிப் பணத்தைச் சுருட்டியிருப்பார்கள். அப்படி நடந்தால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. ஊருக்குத் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.