ப்ளெண்டர்: காசு வேணாம், ஆனா பாஷை தெரியணும் (எலிவேஷன் போடுறவனோட ரிவ்யூ)

மூணு வருஷமா என் பொழப்பு ப்ளெண்டர்ங்கிற 3டி சாஃப்ட்வேர்லதான் ஓடுது. நாமக்கல் பக்கம் வீடு கட்டுறவங்களுக்கு 3டி எலிவேஷன் போட்டுக் குடுக்குறேன், அதாவது இன்ஜினியர் பிளான் போட்டதும் "முன்பக்கம் எப்படி வரும்னு ஒரு படம் காட்டுங்க"ன்னு கேப்பாங்கல்ல, அந்தப் படம் என் வேலை. ப்ளெண்டர் போதுமா, இல்ல காசு குடுத்து வேற சாஃப்ட்வேர் வாங்கணுமான்னு வாரத்துக்கு ரெண்டு பேராவது கேட்டுடுறாங்க, ஒவ்வொருத்தருக்கா டைப் பண்ணி மாளல, அதான் மொத்தமா இங்க எழுதிடுறேன்.

மொதல்ல விலை. பைசா கிடையாது. ட்ரையல், வாட்டர்மார்க், மாச வாடகை எதுவும் இல்ல, இதை வெச்சு சம்பாதிச்சாலும் யாருக்கும் பங்கு தர வேணாம். டான் ரோசண்டால்னு ஒரு நெதர்லாந்துக்காரர் ஆரம்பிச்சது, நடுவுல இதை வித்துட்டிருந்த கம்பெனி படுத்துருச்சு, 2002ல நெட்ல வசூல் பண்ணி ஏழே வாரத்துல 1 லட்சம் யூரோ சேத்து சாஃப்ட்வேரை மீட்டு, யார் வேணா எடுத்து மாத்திக்கலாம்னு ஓப்பன் சோர்ஸா விட்டுட்டாங்க. ஓசின்னதும் இளக்காரமா பாக்குறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு, 2025ல சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்குன 'ஃப்ளோ'ங்கிற லாட்வியா படம் முழுக்க இதுல பண்ணதுதான். நம்ம பண்றது கைப்பிடிச் சுவரும் போர்டிகோவும், அதுக்கு இது தாராளம்.

அப்புறம் ஏன் பாதிப் பேர் ரெண்டே நாள்ல அன்இன்ஸ்டால் பண்ணிடுறாங்க? என்னைக் கேட்டா பிரச்சனை பட்டன் நிறைய இருக்குறது இல்ல. இந்த சாஃப்ட்வேர் கிராஃபிக்ஸ் வார்த்தைகளை மறைக்காது. மத்ததுல "சுவர்", "கதவு"ன்னு பட்டன் இருக்கும். இங்க வெர்டெக்ஸ், நார்மல், யூவி, சாம்பிள்னு நேரடியா மூஞ்சிக்கு நேரா வந்து நிக்கும். ஒரு பத்துப் பன்னெண்டு வார்த்தை புரிஞ்சா வேலை ஓடும், புரியலைன்னா சாஃப்ட்வேரைத் திட்டிட்டே இருக்க வேண்டியதுதான். நானும் திட்டுனவன்தான். இத்தனைக்கும் காலேஜ்ல கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்னு ஒரு பேப்பரே இருந்துச்சு, பிரெசன்ஹாம் லைன், கோஹன் சதர்லேண்ட் கிளிப்பிங், 4க்கு 4 மேட்ரிக்ஸ் எல்லாம் மனப்பாடம் பண்ணி கக்கிட்டு வந்தேன், லேப்ல டர்போ சி-ல ஒரு கார் பொம்மை இடமிருந்து வலமா நகரும், அவ்வளவுதான். அதெல்லாம் எதுக்குன்னு புரிஞ்சது ப்ளெண்டர்ல அடி வாங்குனப்பதான்.

தொறந்த உடனே நடுவுல ஒரு சதுரக் கட்டி நிக்கும். எல்லாரும் அதை டெலிட் பண்ணிட்டுதான் ஆரம்பிப்பாங்க, பண்ணாதீங்க, டேப் கீயைத் தட்டி எடிட் மோடுக்குள்ள போயிப் பாருங்க. 8 புள்ளி, அதான் வெர்டெக்ஸ். புள்ளிகளை இணைக்கிற 12 கோடு, எட்ஜ். 6 பக்கம், ஃபேஸ். மொத்தமும் சேந்தா மெஷ். நீங்க போடப்போற வீடு, கேட்டு, தண்ணித் தொட்டி, முன்னாடி நிக்கிற தென்னை மரம் எல்லாமே இதுதான், எண்ணிக்கை மட்டும்தான் கூடும். உள்ள ஒண்ணும் கெடையாது, வெறும் தோலு, முட்டை ஓடு மாதிரி.

தோலுன்னதும் நார்மல் பத்தி சொல்லியே ஆகணும். ஒவ்வொரு ஃபேஸுக்கும் எது வெளிப்பக்கம்னு ஒரு திசை இருக்கு, அதுதான் நார்மல். லைட் எந்தக் கோணத்துல விழுதுன்னு அதை வெச்சுதான் கணக்குப் போடும். என் மூணாவது ஆர்டர்ல சுவருக்கு பெவல் (கூரான ஓரத்தை மழுக்குறது) போட்டா ஓரம் வெளியே வர்றதுக்கு பதிலா உள்ள மடங்குது, ஷேடிங் திட்டுத் திட்டா வருது, ராத்திரி பூரா உக்காந்து லைட்டை மாத்திட்டே இருந்தேன். கடைசில ஓவர்லே மெனுல ஃபேஸ் ஓரியண்டேஷன்னு ஒண்ணு இருக்குறதைப் பாத்து டிக் பண்ணா வீட்டுல பாதி நீலம், பாதி செவப்பு! செவப்பா தெரியிறதெல்லாம் உள்பக்கம் வெளியே திரும்புனது, சட்டையை மாத்திப் போட்டாப்ல. எடிட் மோடுல எல்லாத்தையும் செலக்ட் பண்ணி ஷிஃப்ட் என், ஒரு செகண்ட்ல எல்லாம் நீலம்.

இன்னொண்ணு ஸ்கேல். கட்டியை இழுத்து 10 அடி நீளம் அரை அடி கனம் சுவர் ஆக்கிட்டு பெவல் போட்டா ஒரு பக்கம் பெருசாவும் ஒரு பக்கம் சின்னதாவும் வளையும். ஏன்னா ப்ளெண்டர் அந்தப் புள்ளிகளை இன்னும் பழைய கட்டியாவேதான் வெச்சிருக்கு, மேல ஒரு மேட்ரிக்ஸ் (எவ்ளோ நீட்டணும், திருப்பணும், நகத்தணும்னு சொல்ற எண் கட்டம்) போட்டு நமக்கு நீளமா காட்டுது. காலேஜ்ல படிச்ச அந்த 4க்கு 4 மேட்ரிக்ஸ் இங்கதான் ஒளிஞ்சிட்டிருந்துச்சு. கண்ட்ரோல் ஏ தட்டி ஸ்கேலை அப்ளை பண்ணா அளவு நேரா புள்ளிகள்லயே ஏறிடும், பெவலும் சரியாயிரும். இதை யாரும் சொல்லித் தரல, சொல்லியிருந்தா ஒரு வாரம் மிச்சம்.

யூவி-க்கு வருவோம், எலிவேஷன் டைல்ஸ் போடுறவங்களுக்கு உயிரே அதுலதான். டைல்ஸ் படம் தட்டையானது, சுவரு 3டி. படத்தோட எந்த இடம் சுவரோட எந்த இடத்துல ஒட்டணும்னு சொல்ற முகவரிதான் யூவி. எக்ஸ் ஒய் இசட் மூணையும் வடிவத்துக்கு எடுத்துக்கிட்டதால படத்துக்கு யூ, வி எழுத்து, வேற ரகசியம் ஒண்ணும் இல்ல. தையக்காரர் சட்டையைப் பிரிச்சு மேசைல விரிக்கிற மாதிரி மெஷ்ஷைப் பிரிச்சுப் போடுறது அன்ரேப். தப்பா பிரிச்சா 2 அடிக்கு 1 அடி டைல்ஸ் ஒரு தூண்ல ரப்பர் மாதிரி இழுத்துட்டு நிக்கும், எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ரெய்லிங்கையே கவனிக்காத ஆளுக்குக்கூட அது கண்ணுல குத்தும்.

படத்தை மெஷ் மேல ஒட்டலாம்ங்கிற இந்த டெக்ஸ்சர் மேப்பிங் ஐடியாவே 1974ல யூட்டா யுனிவர்சிட்டில எட் கேட்மல் தன்னோட தீசிஸ்ல எழுதுனது. பின்னாடி பிக்சார் கம்பெனி ஆரம்பிச்சவர்ல ஒருத்தர். மெஷ்ஷை நுணுக்கமா பிரிச்சு வழவழப்பாக்குற சப்டிவிஷன் மாடிஃபையர்ல கேட்மல் கிளார்க்னு ஒரு பட்டன் இருக்கும் பாருங்க, அதே ஆளுதான், அது 1978. தெனமும் நான் அவர் பேரை அமுக்கிட்டு இருந்துருக்கேன், யாருன்னே தெரியாம.

அதே தீசிஸ்ல இருக்குற இன்னொரு சமாச்சாரம் இசட் பஃபர். ஸ்க்ரீன்ல இருக்குற ஒவ்வொரு பிக்சலுக்கும் இதுவரைக்கும் வரைஞ்சதுல கிட்டத்துல இருக்குறது எவ்ளோ தூரம்னு ஒரு நம்பர் வெச்சிருக்கும், அதைவிட கிட்ட ஒண்ணு வந்தா மேல வரையும், தூரம்னா விட்டுடும். அதனாலதான் தூண் முன்னாடியும் கதவு பின்னாடியும் தெரியுது. இப்ப போர்டிகோ தரையும் அது மேல போட்ட டைல்ஸும் ஒரே உயரத்துல இருந்தா? ரெண்டும் ஒரே தூரம், யாரு முன்னாடின்னு அதுக்கே தெரியாது, கேமராவை நகத்துனா வரி வரியா மினுக்கும். இசட் ஃபைட்டிங்னு சொல்லுவாங்க. நான் கிராஃபிக்ஸ் கார்டு போயிருச்சுன்னு நெனச்சு கடைக்குத் தூக்கிட்டுப் போகவே கெளம்பிட்டேன். டைல்ஸை 2 மில்லிமீட்டர் மேல தூக்கி வெச்சதும் சரியாயிருச்சு. நிஜத்துலயும் டைல்ஸ் தரைக்கு மேலதானங்க ஒட்டுறோம்.

ரெண்டரிங்தான், அதாவது மெஷ்ஷைக் கடைசிப் படமா மாத்துறதுதான் பெரிய கதை. ப்ளெண்டர்ல இதுக்கு முக்கியமா ரெண்டு இன்ஜின், ஈவீ, சைக்கிள்ஸ். ஈவீ கேம் மாதிரி, முக்கோணங்களை ஸ்க்ரீன் மேல பதிச்சு பிக்சலை நிரப்பிட்டுப் போயிரும், ராஸ்டரைசேஷன். வேகம். சைக்கிள்ஸ் ரே ட்ரேசிங் வகை, ஒவ்வொரு பிக்சல் வழியாவும் கேமராலேர்ந்து ஒரு கதிரை விடும், அது சுவத்துல பட்டு, தரையில பட்டு, எகிறி எகிறி எங்கயாவது சூரியனையோ வானத்தையோ தொடுதான்னு பாக்கும். நிஜ வெளிச்சம் போற பாதைக்குத் தலைகீழ். போர்டிகோ சீலிங்கை எடுத்துக்கோங்க, அதுமேல நேரா வெயிலே படாது, தரையில பட்டு எகிறி வர்ற வெளிச்சம்தான் அதை லேசா மஞ்சளா காட்டுது. பவுன்ஸை, அதாவது எத்தனை தடவை எகிறலாம்ங்கிற எண்ணிக்கையை, பூஜ்யமாக்கிப் பாருங்க, சீலிங் அடுப்புக்கரியா மாறிடும். சைக்கிள்ஸ் படம் நெஜம் மாதிரி இருக்குன்னு சொல்றதுக்குக் காரணமே அந்த எகிறல்தான்.

ஆனா கதிர் எந்தப் பக்கம் எகிறணும்னு அது குத்துமதிப்பாத்தான் விடும், அதனால கொஞ்சமா விட்டா படம் முழுக்க புள்ளி, அதுக்குப் பேரு நாய்ஸ். ஆரம்பத்துல அவசரத்துக்கு 32 சாம்பிள்ல, அதாவது பிக்சலுக்கு 32 கதிர் மட்டும் விட்டு ரெண்டர் போட்டு வாட்ஸப்ல அனுப்பிட்டேன். வீட்டுக்காரர் உடனே போன். "ஏனுங் தம்பி, செவுரெல்லாம் ரவையைக் கொட்டுனாப்ல இருக்குது, புட்டி வெச்சும் இப்படித்தான் இருக்குங்களா?" "இல்லீங்ண்ணா, அது செவுரு இல்ல, படத்துலதான் அப்படி." "படத்துலயே அப்படின்னா நெசத்துல?" அவருக்கு நாய்ஸ்னா என்னன்னு எப்படிங்க சொல்லிப் புரியவைக்க, ராத்திரி 512 சாம்பிள் போட்டு மறுபடி அனுப்புனேன். ஒரு கணக்கு தெரிஞ்சு வெச்சுக்கோங்க, நாய்ஸ் பாதியாகணும்னா சாம்பிள் நாலு மடங்கு வேணும். 128ல 3 நிமிஷம்னா 512ல 12 நிமிஷம். அதுக்கு மேல சாம்பிளை ஏத்திட்டே போறது வீண், டீநாய்ஸை ஆன் பண்ணிருங்க, மிச்சப் புள்ளியை அது தடவி எடுத்துடும். ரொம்பக் கம்மி சாம்பிள்ல டீநாய்ஸ் போட்டா மட்டும் கல்லு டைல்ஸ் எல்லாம் மெழுகு பூசுனாப்ல ஆயிரும்.

வீட்டைச் சுத்திக் காட்டுற வாக்த்ரூ வீடியோ கேக்குறாங்கன்னா உக்காந்து கணக்குப் போட்டுட்டு ரேட் சொல்லுங்க. 30 செகண்ட் வீடியோ, செகண்டுக்கு 24 ஃப்ரேம், மொத்தம் 720 படம். ஒண்ணுக்கு 3 நிமிஷம்னா 36 மணி நேரம்! ஈவீல ஒரு படம் 5 செகண்ட்னா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும். எஸ்எஸ் கைப்பிடியில பிரதிபலிப்பு மட்டும் ஈவீல கொஞ்சம் பல்லிளிக்கும், ஃப்ரேமுக்கு வெளியே இருக்குறது அதுக்கு சரியா தெரியாது. ஓடுற வீடியோல யாரும் அதைக் கண்டுக்க மாட்டாங்க. இன்னொண்ணு, நேரா வீடியோ ஃபைலா ரெண்டர் போடாதீங்க, படம் படமா போட்டு அப்புறம் சேத்துக்கோங்க. நான் எம்பி4ஆ போட்டு 500ஆவது ஃப்ரேம்ல கரண்ட் போயி, ஃபைல் தொறக்கவே இல்ல, யூபிஎஸ் பேட்டரி மாத்தாம விட்ட என்னைத்தான் நானே திட்டிக்கணும்.

குறைன்னா, கலர் மொதல்ல. 4.0 வெர்ஷன்லேர்ந்து ஏஜிஎக்ஸ்ங்கிற கலர் முறைதான் டிஃபால்ட், பளீர்னு அடிக்கிற வெளிச்சத்தை நெஜ கேமரா மாதிரி அடக்கிக் காட்டும், பாக்க அழகுதான். ஆனா வீட்டுக்காரர் பெயிண்ட் கேட்டலாக்ல தேர்ந்தெடுத்த மஞ்சள் ரெண்டர்ல வெளுத்துப் போயி வரும், "நான் சொன்ன கலர் இது இல்லியே"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. ஷேடு முக்கியம்னா கலர் செட்டிங்ல வியூ ட்ரான்ஸ்ஃபார்மை ஸ்டாண்டர்டுக்கு மாத்திக்கோங்க. பிரிண்டுக்கு வேணும்கிற சிஎம்ஒய்கே (அச்சு மைக் கலர் கணக்கு) இதுல கெடையாது, எல்லாமே ஸ்க்ரீனோட ஆர்ஜிபி கணக்கு, ஃப்ளெக்ஸ் கடைக்கு அனுப்புறதுக்கு முன்னாடி வேற சாஃப்ட்வேர்ல மாத்தித்தான் ஆகணும்.

அடுத்தது தமிழ் எழுத்து, இதுதான் எனக்கு ரொம்பக் கடுப்பு. வீட்டுப் பேரை 3டி எழுத்துல முகப்புல வைக்கணும்பாங்க, டெக்ஸ்ட் ஆப்ஜெக்ட்ல தமிழ் ஒழுங்கா சேராது, கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போயி நிக்கும். வழி இருக்கு. இங்க்ஸ்கேப்ங்கிற ட்ராயிங் சாஃப்ட்வேர்ல டைப் பண்ணி பாத் (வெறும் கோடு) ஆக்கி எஸ்விஜி ஃபைலா சேவ் பண்ணி ப்ளெண்டர்க்குள்ள கொண்டாங்க. எழுத்து இப்ப எழுத்தா இல்ல, கணக்கா வரையிற வெறும் பெசியர் வளைவு, அதனால எவ்ளோ பெருசாக்குனாலும் ஓரம் உடையாது, கனம் குடுத்தா பித்தளை எழுத்து மாதிரி நிக்கும். இதே பேரை ஜேபெக்ல எடுத்து பெருசாக்கிப் பாருங்க, படிக்கட்டு படிக்கட்டா தெரியும். வெக்டருக்கும் (வளைவுக் கணக்கு) ராஸ்டருக்கும் (பிக்சல் கட்டம்) வித்தியாசம் என்னன்னு கேக்குறவங்களுக்கு நான் இப்ப இதைத்தான் காட்டுறேன்.

மெஷின் விஷயம், 8 ஜிபி ராம்ல தொறக்கும், ஆனா நிம்மதியா வேலை பாக்க 16 ஜிபி வேணும். என்கிட்ட 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, தோட்டத்துல நெஜப் புல்லு போட்டா மட்டும் மூச்சு வாங்கும், மத்தபடி ஓடிடுது. புதுசா வர்ற ஒவ்வொரு வெர்ஷனுக்கும் தாவாதீங்க, எல்டிஎஸ்னு போட்டிருக்குறதை எடுங்க, அதுக்கு ரெண்டு வருஷம் திருத்தம் வரும்.

அஞ்சுக்கு நாலரை குடுப்பேன், அந்த அரை கொம்பு எழுத்துக்காகக் கொறச்சது. ரவை சொன்ன அண்ணன் வீடு போன மாசம் கிரகப்பிரவேசம் ஆச்சு, போயிருந்தேன். ஹால்ல சாமி படத்துக்குப் பக்கத்துல என்னோட ரெண்டரை ஃப்ரேம் போட்டு மாட்டி வெச்சிருக்காரு, வர்றவங்களையெல்லாம் வாசலுக்குக் கூட்டிட்டுப் போயி ரெண்டையும் ஒப்பிட்டுக் காட்டிட்டு, "ஆனா பாருங்க, படத்துல நிக்கிற காரு மட்டும் இன்னும் வரல"ன்னு என்னையே பாக்குறாரு.