ஹபுசா ஜின்: ஒன்றேகால் வருடம், நான்கு பாட்டில்

முதல் பாட்டில் ஹபுசா முழுக்க டானிக் வாட்டரிலேயே போய்விட்டது, அதாவது குவினைன் கலந்த, கசப்பும் இனிப்புமான சோடாவில். ஒரு லார்ஜ் ஜின், ஒரு கேன் டானிக், எலுமிச்சைத் துண்டு. பெங்களூரில் வெள்ளிக்கிழமை இரவுகளில் நானும் கணவரும் அப்படித்தான் குடித்தோம். நன்றாகவே இருந்தது. ஆனால் இவ்வளவு விலை கொடுத்து இதை ஏன் வாங்க வேண்டும் என்று யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

இரண்டாவது பாட்டில் வந்தபோது ஒரு நாள் வீட்டில் டானிக் இல்லை. 30 மில்லியை ஒயின் கிளாஸில் ஊற்றி, அதே அளவு தண்ணீர் சேர்த்து, ஐஸ் இல்லாமல் முகர்ந்து பார்த்தேன். மாங்காய் இஞ்சி! ஊறுகாய்க்கு நறுக்கும்போது விரலில் ஒட்டிக்கொள்ளுமே, அப்படியே அந்த வாசம். இத்தனை மாதம் இது எங்கே போயிருந்தது என்று ஆச்சரியமாக இருந்தது.

யோசித்தால் காரணம் புரிகிறது. இதில் ஜின்னுக்கு அடிப்படை வாசம் தரும் இமயமலை ஜூனிப்பர் காயோடு மல்லி விதை, ஏலக்காய், பாதாம், வங்காளத்துக் கொந்தொராஜ் எலுமிச்சை எல்லாம் உண்டு. கூடவே மாங்காய், இஞ்சி, மஞ்சள். மாங்காய் இஞ்சி என்கிறோமே தவிர அது மஞ்சள் இனத்துச் செடிதான். இந்த மூன்று வாசமும் ஒன்றாக வரும்போது நம் மூக்கு அதை மாங்காய் இஞ்சி என்றே படிக்கிறது. மஞ்சள் போட்டும் ஜின் தண்ணீர் மாதிரி தெளிவாக இருப்பதற்குக் காரணம், காய்ச்சி வடிக்கும்போது வாசம் ஆவியோடு ஏறும், நிறம் கீழேயே தங்கிவிடும். 43 சதவீத ஆல்கஹாலை அப்படியே முகர்ந்தால் அதன் காரம் மூக்கை அடைத்துவிடும். பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்தால் உள்ளே இருப்பது வெளியே வரும். எந்த ஜின் வாங்கினாலும் முதலில் இப்படி ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கோவாவில் இருக்கும் நாவ் ஸ்பிரிட்ஸ் 2017இல் கிரேட்டர் தேன் (Greater Than) என்ற, இனிப்பு சேர்க்காத லண்டன் டிரை வகை ஜினைக் கொண்டுவந்தது. அடுத்த வருடம் வந்தது ஹபுசா. ஹபுஷா என்றால் சமஸ்கிருதத்தில் ஜூனிப்பர். கிரேட்டர் தேனில் மாசிடோனியா ஜூனிப்பர், இதில் இமயமலையில் விளைவது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடித்தால் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. அது கூர்மையானது, நாக்கில் சட்டென்று எலுமிச்சையாக இறங்கும். இது கொஞ்சம் தடித்தது, மண்வாசம் உள்ளது. விழுங்கிய பிறகு ஏலக்காய் மெதுவாக மேலே வரும்.

இது தெரிந்த பிறகு டானிக்கைப் பாதியாகக் குறைத்தேன். டானிக்கின் சர்க்கரையும் குவினைன் கசப்பும் சேர்ந்து மாங்காயையும் மஞ்சளையும் மூடிவிடுகின்றன. இப்போது என் கணக்கு 45 மில்லி ஜின், 60 மில்லி டானிக், 60 மில்லி சோடா. மேலே எலுமிச்சைக்குப் பதில் தோல் சீவிய மாங்காய் இஞ்சி, காகிதம் போல மெல்லிய இரண்டு வில்லை. நசுக்கிப் போடாதீர்கள், பச்சை வாடை ஏறிவிடும். சும்மா மிதக்க விட்டால் போதும். கடந்த ஆறு மாதமாக வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நான் கொடுப்பது இதைத்தான்.

ஐஸ் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் ஃபிரீசரில் மீனும் மட்டனும் இருக்கும். திறந்த டிரேயில் வைத்த ஐஸ் அந்த வாடையை அப்படியே வாங்கிக்கொண்டு கிளாஸில் கரைத்தது. சில மாதம் இந்த ஜினில் ஏதோ குறை என்றே நினைத்திருந்தேன். மூடி போட்ட டப்பாவுக்கு மாறியதும் சரியாகிவிட்டது. கட்டி பெரிதாக இருந்தால் இன்னும் நல்லது, சீக்கிரம் கரைந்து நீர்த்துப்போகாது.

காக்டெயிலில் கிம்லெட் இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. 60 மில்லி ஜின், எலுமிச்சைச் சாறு 20, சர்க்கரைப் பாகு 20, ஐஸோடு பத்துப் பன்னிரண்டு நொடி குலுக்கி வடிகட்டினால் முடிந்தது. கருப்பட்டிப் பாகு ஊற்றிப் பார்த்தேன், கருப்பட்டி மட்டும்தான் தெரிந்தது. பனங்கற்கண்டுப் பாகு அப்படியில்லை, இனிப்பு மென்மையாக இருந்து ஏலக்காய்க்கு இடம் விடுகிறது.

மார்ட்டினிக்கு 60 மில்லியோடு டிரை வெர்மூத் 10, ஐஸில் அரை நிமிடம் கலக்கி எடுக்கிறேன். ஆலிவ் வேண்டாம், அதன் உப்பு எல்லாவற்றையும் அமுக்கிவிடுகிறது. எலுமிச்சைத் தோலைக் கிளாஸின் மேல் முறுக்கிவிட்டால் போதும். வெர்மூத் ஒயின் வகை, திறந்தால் ஃபிரிட்ஜில்தான் இருக்க வேண்டும். அலமாரியில் விட்டு இரண்டு மாதத்தில் ஒரு பாட்டில் புளித்துப்போய்க் கொட்ட வேண்டியதாயிற்று. நெக்ரோனி மட்டும் இதில் செய்யவே மாட்டேன். அதில் சேரும் கம்பாரி என்ற மதுவின் கசப்புக்கு முன்னால் இத்தனை நுணுக்கமும் வீண், அதற்குக் கிரேட்டர் தேனே தாராளம்.

மூன்றாவது பாட்டிலைத் திறந்து நான்கைந்து மாதம் வைத்திருந்தோம். பாதிக்குக் கீழே போனதும் எலுமிச்சை வாசம் மங்க ஆரம்பித்தது, மஞ்சளும் ஏலக்காயும் மட்டும் மிஞ்சின. கெட்டுப்போகவில்லை, ஆனால் முதல் வாரத்து ஹபுசா அது இல்லை. இந்த முறை பாதி காலியானதுமே, உள்ளே காற்று குறையட்டும் என்று 375 மில்லி பாட்டிலுக்கு மாற்றி இறுக மூடிவிட்டேன். இரண்டு மாதம் ஆகிறது, எலுமிச்சை அப்படியே இருக்கிறது.

மாங்காய் இஞ்சி வருடம் முழுக்கக் கிடைப்பதில்லை. கிடைக்கும்போது கால் கிலோ வாங்கி, வில்லையாக நறுக்கி, எலுமிச்சைச் சாற்றிலும் கொஞ்சம் உப்பிலும் ஊறவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன். கிளாஸில் போடுவதற்கு முன் ஒரு முறை தண்ணீரில் அலசிவிடுங்கள், இல்லையென்றால் உப்பு முன்னால் வந்து நிற்கும்.