டர்பன் பக்கம் குடி மீட்புக் குழு: நாள்பட எது நிற்கிறது, எது உதிர்கிறது

தென்னாப்பிரிக்காவின் டர்பனை ஒட்டி நம்மவர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ குடியை விடக் குழு தேடுகிறவர்கள் பெரும்பாலும் கொள்கையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் மாதத்துக்கு அது போதும். ஆறாவது மாதத்திலும் ஆளைப் போகவைப்பது வேறு: ஹால் எவ்வளவு தூரம், இரவு எட்டரைக்குத் திரும்ப வண்டி உண்டா, மாதக் கடைசி வெள்ளிக்கிழமை போனை எடுக்க ஆள் உண்டா.

குழுவுக்கு முன் டாக்டர். இங்கே கேன் என்ற கரும்புச் சாராயம், பிராந்தி இரண்டும் பெரும்பாலும் 43 சதவீத ஆல்கஹால். ஒரு ஹாஃப் ஜாக், அதாவது 375 மில்லியில், சுமார் 127 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. தினமும் அந்த அளவு குடித்தவர் சட்டென நிறுத்தினால் ஒரு நாளுக்குள் நடுக்கமும் வியர்வையும் வரும். முதல் 48 மணி நேரத்தில் வலிப்பு வரலாம். அதன் பிறகு, நான்காம் நாள் வரைகூட, பிதற்றலும் இல்லாததைக் காண்பதும் வரலாம். உயிரையே எடுக்கக்கூடிய கட்டம் இது. புரட்டாசிக்கும் காவடிக்கும் குடியை விடுகிற வழக்கம் நம்மிடம் இருப்பதால் இதைச் சொல்கிறோம். விரதத்தின் மூன்றாம் நாள் கை நடுங்கி உளறுகிறவருக்குச் சாமி வந்திருக்கிறது என்று விபூதி பூசி உட்கார வைக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அங்கே நடுக்கத்தை அடக்கும் டயஸிபாம் மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள், தயாமின் என்ற பி1 வைட்டமினை ஏற்றுவார்கள். மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீடு இருந்தால், சட்டப்படி கொடுத்தாக வேண்டிய குறைந்தபட்சப் பலன்களில் குடிநோய்க்கான உள்நோயாளிச் சிகிச்சை ஆண்டுக்கு மூன்று வாரம் வரை அடங்கும். முன் அனுமதி எண் வாங்காமல் சேர்த்துவிட்டுப் பிறகு பில்லோடு அலைவதுதான் வழக்கமான தவறு. எய்ட் இல்லாதவர் அரசு ஆஸ்பத்திரி, குடி, போதை மீட்புக்கான தொண்டு நிறுவனமான சான்கா, அல்லது 0800 12 13 14 என்ற 24 மணி நேர இலவச எண்ணிலிருந்து தொடங்கலாம்.

குடியை விட விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் குழுவான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது ஏ.ஏ.வுக்குத் தேசிய எண் 0861 435 722. கட்டணம் கிடையாது, பதிவு கிடையாது. கூடை சுற்றி வரும்போது விருப்பமிருந்தால் போடலாம். போன் செய்யும்போது, கூட்டம் திறந்ததா மூடியதா என்று கேளுங்கள். மூடியதில் குடியை நிறுத்த விரும்புகிறவர் மட்டுமே உட்காரலாம். திறந்ததில் மனைவி, அண்ணன், யாரும் கூட வரலாம். பேச்சு ஆங்கிலத்தில் நடக்கும் என்பதால், வீட்டில் தமிழ் மட்டும் பேசும் பெரியவரை முதலில் துணையோடு திறந்த கூட்டத்துக்கு அழைத்துப்போவது நல்லது. நேரத்தையும் எந்த வாசல் என்பதையும் அதே நாளில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பழைய பட்டியலை நம்பிப் பூட்டிய ஹாலின் முன் நின்றவர் இரண்டாம் முறை கிளம்பமாட்டார்.

நம்மவர்களுக்குப் பெரிய தடை, 'தெரிந்தவர் பார்த்துவிடுவார்' என்பது. அதனால் சாட்ஸ்வொர்த்காரர் பைன்டவுனுக்கும் ஃபீனிக்ஸ்காரர் வெருலத்துக்கும் போகிறார்கள். தொடக்கத்துக்கு இது சரிதான். ஆனால் இருட்டிய பின் டாக்ஸி அரிதாகிவிடும். மழை ஒரு வாரம், ஓவர்டைம் ஒரு வாரம் என்று தூரமே காரணமாகிப் போகும். முதல் சில வாரம் வெளியே போய்விட்டுப் பிறகு பக்கத்துக் குழுவுக்கு மாறுவதே நிலைக்கிறது. அங்கே மாமா மகன் உட்கார்ந்திருந்தால், அவரும் அதே காரணத்துக்காகத்தானே வந்திருக்கிறார்!

பல கூட்டங்கள் சர்ச் ஹாலில் நடக்கும், 'உயர்ந்த சக்தி' என்ற பேச்சும் வரும். முருகனை நினைத்துக்கொண்டு உட்காரலாம். ஜெபத்தின்போது வாய் திறக்காமலும் இருக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். சபைகள் தாமே நடத்தும் மீட்புக் குழுக்கள் வேறு வகை. அன்பு அதிகம், வீடு தேடி வருவார்கள். ஆனால் ஞாயிறு ஆராதனைக்கும் வரவேண்டுமா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். பாதி வழியில் தெரிந்தால் வீட்டில் சண்டை, குழுவும் போய்விடும்.

எங்கள் கணிப்பில் எல்லாவற்றையும்விட முக்கியமானவர் ஸ்பான்சர், அதாவது புதியவருக்கு வழித்துணையாக நிற்கும் மூத்த உறுப்பினர். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண், ஓராண்டாவது குடிக்காமல் இருப்பவர், உறவினர் வேண்டாம். கூட்டத்தில் அழகாகப் பேசுகிறவரைப் பிடிப்பதைவிட, இரவு பத்து மணிக்குப் போனை எடுப்பவரைப் பிடியுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்கிற ஸ்பான்சரிடம் தங்காதீர்கள். மருந்து விஷயத்தில் உறுப்பினர்கள் டாக்டர் வேலை பார்க்கக்கூடாது என்பதே ஏ.ஏ.வின் நிலைப்பாடு.

குடியை உடம்புக்கு ஒவ்வாததாக்கும் டைசல்ஃபிரம் மாத்திரை எடுப்பவர் அதன்மேல் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். ஆல்கஹால் கலந்த இருமல் மருந்தும் மவுத்வாஷும்கூட அதைத் தூண்டும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்கும் வீடுகள் இருக்கின்றன. இதயம் பலவீனமானவருக்கு இது சாவில் முடியலாம். பாட்டிலைத் தேடிப்பிடித்துக் கொட்டுவது, மாத்திரை கலப்பது என்று அலையும் அம்மாவுக்கும் மனைவிக்கும் வேண்டியது, குடிப்பவரின் குடும்பத்தாருக்காக 1951இல் தொடங்கிய அல்-அனான் குழு. ஸ்பான்சருக்குப் போன் போட்டு உளவு கேட்பதில் பயனில்லை, அவர் சொல்லமாட்டார்.

ஆட்கள் உதிர்வது பெரும்பாலும் சடங்கு நாட்களில்தான். கல்யாணத்திலும் பதினாறாம் நாளிலும் காரின் டிக்கியைத் திறந்துவைத்து ஆண்கள் நிற்கும் இடத்துக்குப் போகாதீர்கள். பிரியாணிப் பானைப் பக்கம் ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சொந்த வண்டியில் போய்ச் சாப்பாடு முடிந்ததும் கிளம்புங்கள். முனீஸ்வரன் பூஜைக்குக் கேன் ஊற்றுவதைத் தம்பியிடம் விடலாம், மீந்த பாட்டிலையும் அவரே எடுத்துப்போகட்டும்.

2020க்குப் பிறகு பெருகிய ஸூம் கூட்டங்கள் தூக்கம் வராத இரவுக்கு நல்ல துணை. ஆனால் முதல் வாரங்களுக்கு அவை மட்டுமே போதாது. கேமராவை அணைத்துவிட்டுக் குடிக்கவும் முடியும்.

மறுபடி குடித்துவிட்டால் குழு வெளியேற்றாது. நாள் எண்ணிக்கை மட்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருப்பதால் பழைய அளவு இப்போது அதிகம். அப்படியே பல நாள் தொடர்ந்து குடித்திருந்தால் நேராகக் கூட்டத்துக்குப் போகாமல் முதலில் டாக்டரிடம் போகவேண்டும். முன்பு வலிப்பு வந்தவருக்கு ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் அது கடுமையாக வரலாம்.