ஃபோல்ட்ஸ்கோப்: செல் பாடத்துக்கு ஒரு காகித நுண்ணோக்கி

நடுநிலை வகுப்புகளில் செல் பாடம் நடத்தும்போது, ஒரே நுண்ணோக்கியின் முன் மாணவர்கள் வரிசையில் நின்று ஆளுக்கு அரை நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு நகர்வதே பல பள்ளிகளில் நடைமுறை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கிய ஃபோல்ட்ஸ்கோப் என்னும் காகித நுண்ணோக்கி இந்த நிலையை மாற்றக்கூடியது. தாளை மடித்துப் பொருத்துவதை மாணவர்களே செய்துவிடலாம். அதிலுள்ள சிறு கோள வில்லை ஏறத்தாழ 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது. வெங்காயச் சவ்வை மெல்ல உரித்து, அயோடின் கரைசல் ஒரு சொட்டு விட்டு, ஜன்னல் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால், செங்கல் அடுக்கியது போன்ற செல்களும் அவற்றுள் பழுப்புப் புள்ளியாக உட்கருவும் தெரிகின்றன. குளத்து நீரில் பாரமீசியம் என்னும் ஒரு செல் உயிரி நீந்துவதைப் பார்த்த மாணவர், பாடநூல் படத்தைப் பார்த்து வரைவதை விட்டு, தாம் கண்டதை வரையத் தொடங்குகிறார்; என் பார்வையில் இக்கருவியின் பெரும்பயன் இதுதான்.

குறைகளும் உண்டு. கண்ணை வில்லையோடு ஒட்டி வைக்க வேண்டியிருப்பதாலும், விரலின் சிறு அசைவிலேயே குவியம் தப்பிவிடுவதாலும், முதல் வகுப்பு பழகுவதிலேயே கழிந்துவிடும். பாக்டீரியாவின் அமைப்பைக் காட்ட இது போதாது. நேரடிச் சூரியனை நோக்கிப் பிடிக்கக் கூடாது என்பதை ஆசிரியர் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். காந்தத் துண்டால் கைபேசிக் கேமராவோடு பொருத்தினால் பலருக்கும் ஒரே நேரத்தில் காட்டலாம் என்பதால், அந்த இணைப்பு உள்ள தொகுப்பையே வாங்குவது நல்லது.