தானியங்கி வண்டி வழியில் நின்றுவிட்டால்: தூரத்திலிருந்து ஓட்டுவதா, வழி சொல்வதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குத் தெற்கே, இசிபிங்கோவை ஒட்டிய ப்ராஸ்பெக்டன் தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறேன். பேலட்டுகளை (சரக்கு அடுக்கிய தட்டுகள்) ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக, ஓட்டுநர் இல்லாத இழுவை வண்டிகளை எடுத்திருக்கிறோம். எந்த வண்டி என்பதை முடிவு செய்ய அதிக நேரம் ஆகவில்லை. வண்டி எதையாவது பார்த்துக் குழம்பி நின்றுவிட்டால் அதற்கு யார், எப்படி உதவுவது என்பதில்தான் விவாதம் நீண்டது. எங்கள் முன்னால் இருந்தவை இரண்டு வழிகள். நாங்கள் எடுத்தது இரண்டாவது. அதன் பக்கம்தான் சாய்ந்து எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் வழி, தூரத்திலிருந்து ஓட்டுவது. வண்டி நின்றதும் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் கேமராப் படத்தைப் பார்த்து, ஜாய்ஸ்டிக்கோ ஸ்டியரிங்கோ பிடித்து, தானே நகர்த்தி வெளியே கொண்டுவருவார். இரண்டாவது, வழி சொல்வது. வண்டி ஒரு கேள்வி கேட்கும்: 'முன்னால் கிடப்பது பிளாஸ்டிக் உறையா, மரச்சட்டமா? இடது பக்கம் சுற்றிப் போகலாமா?' அறையில் இருப்பவர் பதில் தருவார், அல்லது திரையில் ஒரு பாதையை வரைந்து காட்டுவார். ஸ்டியரிங்கும் பிரேக்கும் கடைசிவரை வண்டியிடமே இருக்கும். லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று 'வா, வா, போதும்' என்று கை காட்டுகிறவரைப் போலத்தான். அவர் ஓட்டுவதில்லை, குறுக்கே ஒரு பிள்ளை ஓடிவந்தால் பிரேக் மிதிக்கவேண்டியவர் ஓட்டுநர்தான்.

வெளியுலகில் இரண்டுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியின் வே நிறுவனம் 2024 ஜனவரியில் லாஸ் வேகஸில் ஆரம்பித்தது முதல் வகை. தூரத்தில் இருக்கும் ஓட்டுநர் காரை வாடிக்கையாளர் வாசல்வரை கொண்டுவருவார். அதன்பிறகு வாடிக்கையாளரே ஓட்டிக்கொள்வார். அமெரிக்காவில் ஓட்டுநர் இல்லாத ரோபோடாக்சி நடத்தும் வேமோ இரண்டாவது வகை. அங்கே உதவியாளர் பதில் சொல்கிறார், வண்டி அதைக் கேட்டுத் தானே முடிவெடுக்கிறது. நிசான் 2017இல் காட்டிய 'சாம்' என்ற அமைப்பும் இதே வகைதான். நாசா தன் ரோவர்களை மேய்க்கச் செய்த மென்பொருளிலிருந்து வந்தது அது. செவ்வாயில் இருக்கும் வண்டிக்குச் சிக்னல் போய்ச்சேரவே 3 முதல் 22 நிமிடம் ஆகும். ஜாய்ஸ்டிக் பிடித்து ஓட்ட வழியே இல்லை. அதனால் 'இந்தப் பாதையில் போ' என்று சொல்லிவிட்டு, கல்லில் மோதாமல் பார்த்துக்கொள்ளும் வேலையை வண்டியிடமே விடுகிறார்கள்.

விலை, திரை, பயிற்சி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓட்டும் முறைக்கு நல்ல இருக்கை, பெரிய திரைகள், கை பழகிய ஆள் வேண்டும். வழி சொல்வதற்கு ஒரு சாதாரண மேசைக் கணினி போதும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தெரிந்த யாரும் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள். மாதச் செலவில் வித்தியாசம் இருந்தது, ஆனால் முடிவைத் திருப்புகிற அளவு இல்லை.

முடிவைத் திருப்பியது வேறு. இரவு ஷிஃப்ட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணா ஒருவர், விற்பனையாளரின் விளக்கம் முழுவதையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, 'லைன் போச்சுன்னா வண்டி யார் பேச்சைக் கேட்கும், தம்பி?' என்றார். அதன்பிறகு நாங்கள் பேசியதெல்லாம் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

இந்த நாட்டில் லைன், அதாவது வண்டிக்கும் அறைக்கும் நடுவில் இருக்கும் இணைப்பு, போவது எப்போதோ நடக்கிற விஷயம் இல்லை. 2023இல் ஆண்டின் பெரும்பாலான நாட்களில் லோட்ஷெடிங் (முறைவைத்து மின்வெட்டு) இருந்தது. மின்சாரம் போனால் செல் கோபுரம் பேட்டரியில் ஓடும். ஆனால் ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவில் பேட்டரி முழுதாக ஏறாது. அடுத்த முறை சீக்கிரமே படுத்துவிடும். பேட்டரியையே திருடிக்கொண்டு போவதும் உண்டு. 2024 மார்ச் இறுதிக்குப் பிறகு அரசு மின் நிறுவனமான எஸ்காம் பெருமளவு தேறிவிட்டது, சரி. ஆனால் கேபிள் திருட்டும் துணைமின்நிலையப் பழுதும் நிற்கவில்லை. எங்கள் கிடங்கில் ஜெனரேட்டர் இருக்கிறது, இன்வெர்ட்டர் இருக்கிறது. தெருமுனைக் கோபுரத்துக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பேற்க முடியும்?

உதவியாளர் வெளிநாட்டில் உட்கார்ந்திருந்தால் கடலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2023 ஆகஸ்டில் காங்கோ ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய கடலடிப் பள்ளத்தாக்கில் மண் சரிந்து வாக்ஸ், சாட்-3 என்ற இரண்டு கடலடி இணையக் கேபிள்கள் அறுந்தன. 2024 மார்ச் 14 அன்று ஐவரி கோஸ்ட் கரைக்கு அப்பால் ஒரே நேரத்தில் நான்கு கேபிள்கள் பழுதாகி, தென்னாப்பிரிக்கா வரை இணையம் தடுமாறியது. கேபிள் நன்றாக இருக்கும் நாளிலும் தூரம் என்று ஒன்று இருக்கிறது. வாக்ஸின் நீளம் 14,530 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். போய்த் திரும்பவே ஏறத்தாழ 0.145 நொடி. கேமரா படத்தைச் சுருக்கி அனுப்ப, அங்கே விரித்துக் காட்ட, மனிதர் பார்த்துக் கையை அசைக்க ஆகும் நேரமெல்லாம் இதற்கு மேல்.

மொத்தத்தில் 0.4 நொடி தாமதம் என்று வைத்துக்கொள்வோம். எங்கள் வண்டி மணிக்கு 10 கிலோமீட்டரில் போனால் அதற்குள் 1.1 மீட்டர் நகர்ந்துவிடும். திரையில் தெரிகிற இடத்தில் வண்டி இல்லை, ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. பேலட் அடுக்குகளுக்கு நடுவே ஒரு மீட்டர் என்பது முழு இடைவெளியும் போன மாதிரி. சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காருக்கு இதே தாமதம் 6.7 மீட்டர். தாமதம் ஒரே அளவில் இருந்தாலாவது ஆபரேட்டர் பழகிக்கொள்வார். அது கூடிக் குறைவதுதான் பெரிய தொல்லை. ஒரு திருப்பத்தில் 0.2, அடுத்த திருப்பத்தில் 0.8 என்றால் எவ்வளவு தேர்ந்த கையும் தடுமாறும்.

எங்கள் யார்டுக்கென்று தனி நெட்வொர்க் போட்டால் கடல் கணக்கு போய்விடும். ஆனால் கன்டெய்னர்கள் இருக்கின்றன. இரும்புப் பெட்டிகளை அடுக்கினால் அதன் பின்னால் சிக்னல் நிழல் விழும். நேற்று நல்ல சிக்னல் இருந்த மூலையில் இன்று எதுவும் இருக்காது, ஏனென்றால் அடுக்கு மாறியிருக்கும். வண்டி ஒரு வைஃபை கருவியிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போதும் படம் ஒரு கணம் உறையும். ஓட்டும் முறைக்குப் பல கேமராக்களின் நேரடி வீடியோ இடைவிடாமல் மேலே போயாக வேண்டும். வழி சொல்வதற்கு ஒரு படமோ சில நொடிக் காட்சியோ போதும். இரண்டு நொடி தாமதமாக வந்தாலும் கெட்டுப்போவதில்லை. வண்டி நின்றுகொண்டுதானே இருக்கிறது.

ஆகவே அண்ணாவின் கேள்விக்கு இரண்டு முறைகளும் தரும் பதில் வேறு. ஓட்டும் முறையில் லைன் அறுந்தால், நகர்ந்துகொண்டிருக்கும் வண்டியிலிருந்து ஓட்டுநர் திடீரெனக் காணாமல் போகிறார். வண்டி உடனே பிரேக் போட்டு நிற்கும் என்று விற்பனையாளர் சொன்னார். பின்னால் இரண்டு டன் சரக்கோடு, ஈரமான சரிவில், பாதித் திருப்பத்தில் நின்றால்? அதற்குத் தெளிவான பதில் அவரிடம் இல்லை. வழி சொல்லும் முறையில் லைன் அறுந்தால் கேள்வி பதில் இல்லாமல் கிடக்கும். வண்டி ஏற்கெனவே நின்ற இடத்திலேயே நிற்கும், அல்லது ஒப்புக்கொண்ட பாதையைத் தன் சென்சாரை நம்பி முடித்துவிட்டு நிற்கும். வேலை தாமதமாகும், அவ்வளவுதான்.

மனிதரின் கவனமும் இதோடு சேர்ந்தது. மணிக்கணக்காக ஒன்றும் நடக்காத திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, மணி அடித்ததும் சூழ்நிலை பிடிபட நேரம் வேண்டும். வழி சொல்கிறவருக்கு அந்த நேரம் கிடைக்கிறது. படத்தை இரண்டு முறை பார்த்துவிட்டுப் பதில் சொல்லலாம். கைக்கு வந்த கணமே ஓட்ட வேண்டியவருக்கு அது கிடைப்பதில்லை.

ஆனால் வண்டி தானாக என்ன செய்யும் என்பதைக் கேட்காமல் இரண்டாவது முறையையும் வாங்கக்கூடாது. 2023 அக்டோபர் 2 அன்று சான் பிரான்சிஸ்கோவில் வேறொரு கார் மோதிய பெண்மணி, குரூஸ் நிறுவனத்தின் ஓட்டுநர் இல்லாத கார் முன்னால் வந்து விழுந்தார். அந்தக் கார் மோதி நின்றது. பிறகு சாலையோரம் ஒதுங்குவதற்காகத் தானே நகர்ந்து அவரைச் சுமார் 20 அடி இழுத்துச் சென்றது. அந்த மாதமே கலிஃபோர்னியா அதன் அனுமதியை நிறுத்திவைத்தது. லைன் கோளாறு அதற்குக் காரணம் இல்லை. நின்ற பிறகு கேட்காமல் நகர்ந்ததுதான் அந்தக் கொடுமையைப் பெரிதாக்கியது. எங்கள் ஒப்பந்தத்தில் 'மோதல் உணரப்பட்டால் மனிதர் நேரில் வந்து பார்க்கும்வரை ஒரு அங்குலமும் நகரக்கூடாது' என்ற வரியைச் சேர்க்கச் சொன்னது இதனால்தான்.

ஜாய்ஸ்டிக் ஜெயிக்கும் இடமும் உண்டு. வண்டிக்குத் தான் இருக்கும் இடமே தெரியாமல் போனாலோ, லைடார் (லேசரால் சுற்றுப்புறத்தை அளக்கும் சென்சார்) மேல் சேறு அப்பிவிட்டாலோ, பாதை வரைந்து காட்டிப் பயனில்லை. அந்தப் பாதையைப் பின்பற்ற அதற்குக் கண் இல்லை. அப்போது யாராவது கையால் நகர்த்தத்தான் வேண்டும். எங்களிடம் அதற்கு யார்டில் ஒருவர் இருக்கிறார். நடந்துபோய், வண்டியோடு வரும் கைக்கருவியால் நகர்த்துவார். மனிதர் சட்டென்று போக முடியாத சுரங்கமோ பெரிய வயலோ என்றால் என் முடிவு வேறாகியிருக்கலாம்.

நான் ஆதரிக்கும் முறையின் பெரிய பலவீனமும் சான் பிரான்சிஸ்கோவில்தான் வெளிப்பட்டது. 2025 டிசம்பர் 20 அன்று அங்கே மின்சாரம் போய் போக்குவரத்து சிக்னல்கள் அணைந்தன. வேமோ கார்களுக்கு அணைந்த சிக்னலில் நாற்புறமும் நின்று போகும் முறை தெரியும். அன்று 7,000க்கு மேற்பட்ட அணைந்த சிக்னல்களைக் கடந்தன என்று நிறுவனமே சொன்னது. ஆனால் பல கார்கள் ஒரே சமயத்தில் 'போகலாமா?' என்று உறுதி கேட்க, பதில் சொல்ல ஆள் போதாமல் வரிசை நீண்டது. கார்கள் நடுச்சந்தியில் நின்றன. டர்பனில் அணைந்த ரோபோட்டை (சிக்னல் விளக்கை இங்கே அப்படித்தான் சொல்வோம்) கடக்காத ஓட்டுநர் யாரும் இல்லை. அதனால் இந்தச் செய்தியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவர் எத்தனை வண்டிகளுக்குப் பதில் சொல்லலாம் என்பதை நல்ல நாளின் சராசரியை வைத்துப் போடக்கூடாது. எல்லாம் ஒன்றாக நிற்கும் நாளை வைத்துப் போட வேண்டும். நாங்கள் விற்பனையாளர் சொன்னதைவிட ஒரு ஆள் கூடுதலாகவே வைத்தோம்.

அந்த ஆள் உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும் என்பதிலும் நான் பிடிவாதமாக இருந்தேன். வேமோவின் உதவியாளர்களில் சிலர் பிலிப்பைன்ஸில் இருப்பது 2026 பிப்ரவரியில் அமெரிக்க செனட் விசாரணையில் தெரியவந்தது. அது அவர்கள் கணக்கு. இங்கே பேலட் மேல் உட்கார்ந்திருப்பது குரங்கு என்றால், கொஞ்சம் பொறுத்தால் அது போய்விடும் என்று டர்பன்காரருக்குத் தெரியும். வடகிழக்குக் காற்றில் பறந்து வந்து விழும் பிளாஸ்டிக் உறையையும், மழைக்குப் பின் தேங்கும் தண்ணீரில் தெரியும் கூரையின் நிழலையும் நம் ஆட்கள் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்கள். சரியான ஒரு பதில் மற்ற வண்டிகளுக்கும் போய்ச்சேர்கிறது. அடுத்தது அதே இடத்தில் கேட்காமலே சுற்றிப் போகிறது. நாள் போகப்போக கேள்விகள் குறைந்துவருவதைக் காண்கிறோம்.

இதெல்லாம் வேலி போட்ட யார்டுக்குள், மெதுவாகப் போகும் வண்டிகளை வைத்துச் சொல்வது. பொதுச்சாலைக்கு இது அப்படியே பொருந்தும் என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது. காவடி ஊர்வலம் தெருவை நிறைத்து வரும்போது ஓட்டுநர் இல்லாத காருக்கு ஒரு உதவியாளர் என்ன வழி சொல்வார்? 'அங்கேயே நில்' என்பதைத் தவிர எனக்கும் பதில் இல்லை. ஒரு முழு மழைக்காலமும் இன்னும் இந்த வண்டிகளோடு போகவில்லை. 2022 ஏப்ரல் வெள்ளம் மாதிரி ஒன்று வந்தால் எந்த முறையும் நிற்காது.

இதே முடிவை எடுக்கப்போகிறவர்கள் விற்பனையாளரைத் தங்கள் யார்டுக்கே வரச் சொல்லுங்கள். வண்டி சரக்கோடு திரும்பிக்கொண்டிருக்கும்போது ரவுட்டரின் ஒயரைப் பிடுங்குங்கள். அப்புறம் கன்டெய்னர் அடுக்கின் பின்னால் கொண்டுபோய் அதையே செய்யுங்கள். அவர்கள் நிறுவனம் மூடினால் மென்பொருள் யார் கையில் இருக்கும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். தூரத்திலிருந்து ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் தொழில்நுட்பத்தில் பெயர் வாங்கிய ஃபேன்டம் ஆட்டோ, பணம் திரட்ட முடியாமல் 2024இல் மூடப்பட்டது. எங்கள் விற்பனையாளர் இந்த வரிக்கு மட்டும் கொஞ்சம் தயங்கினார். கடைசியில் கையெழுத்துப் போட்டார்.